இலக்கியத்தில் இரவலர்

ஈகையைப் புகழாத தமிழ்நூல் அரிது. பாரியும் ஓரியும் குமணனும் நம் பாடநூல்கள்தோறும் வந்து நிற்கின்றனர். அவர் பெயர்களை மாணவர் உறக்கத்திலும் சொல்வர். ஈவோன் ஒருவன் உளனாயின் ஏற்போன் ஒருவனும் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அவன் வீடு எத்தன்மைத்து, கையேந்துங்கால் அவன் உள்ளம் என்ன பாடுபட்டது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை, தேர்வுத்தாளும் கேட்பதில்லை. அவற்றையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்களை நோக்குவாம். பழந்தமிழில் ஏற்போன் 'இரவலன்' எனப்பட்டான், ஈவோன் 'புரவலன்'. ஓசையாலும் இணைந்து நிற்கும் இவ்விரு சொற்களுள் ஒன்றை நினையுங்கால் மற்றொன்று தானே நினைவில் எழும். புலவரும் பாணரும் கூத்தரும் 'பரிசிலர்' எனவும் பட்டனர். 'பிச்சை' என்பதோ வடமொழியினின்று வந்து, துறவியர் ஏற்கும் உணவைக் குறித்த பெருமையுடைய சொல். அதனோடு 'காரன்' என்னும் விகுதி சேர்ந்த அளவில் இன்று அது வசையாய் முடிகின்றது. இழிவு சொல்லில் இல்லை; பார்ப்பவன் நின்ற இடத்தில் உளது என்றே நாம் கருதுகின்றோம்.

சங்கப் புலவர் பலர் தாமே இரவலர். ஆதலின் வறுமையை அவர்கள் தெருவில் நின்று பார்த்தவரல்லர், அடுக்களையிலிருந்து பார்த்தவர். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்த தம் வீட்டு அடுப்பிற் காளான் பூத்திருப்பதைச் சொல்கின்றார். பால் வற்றிய மார்பைச் சுவைத்துப் பயன் காணாது அழும் குழந்தையின் முகத்தைத் தாய் நோக்க, அவள் துயரைத் தாம் நோக்கியதாக உரைக்கின்றார். அதே குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார் வீட்டிலோ, சிறுவன் வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகிறதென்று அச்சுறுத்தியும், நிலவைக் காட்டியும் அவனைத் தேற்ற முயல்கின்றாள். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் காட்சி இவற்றினும் கூரியது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். அதனைச் சுற்றத்தோடு உண்ணுமுன் எழுந்து சென்று வாயிற்கதவை அடைக்கின்றாள். பிறர் காண்பரே என்னும் நாணமே காரணம். பசி தீராத அவ்வீட்டில் நாணமும் தீரவில்லை என்பதை அந்த ஒரு கதவு கூறிவிடுகின்றது.

இத்தகையோர் கையேந்தினும் தலை தாழ்ந்தாரல்லர். தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்து, யான் பொருளுக்காகவே வரும் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்றார். மற்றொருகால், சிறிதே கொடுத்த இளவெளிமானின் காவல்மரத்தில் குமணன் தந்த யானையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, இரவலர்க்கு ஈவோரும் உளர் என்பதைக் கண்ணாற் காணச் செய்தார். பரிசிலாகப் பெற்ற யானையைத் தன் ரோஷத்துக்குச் செலவிட்ட ஏழை இவரைப்போல் வேறெங்கும் உண்டோ, அறியோம்!

வள்ளுவர் இதனை இரண்டு அதிகாரங்களாக வகுத்ததை மாணவர் பலர் முரண் என எண்ணுவர். 106 ஆம் அதிகாரமாகிய இரவில், ஒளிக்காமல் ஈவாரிடம் இரத்தல் குற்றமன்று என்றும், இரப்பார் இல்லையாயின் இவ்வுலகம் மரப்பாவைகள் வந்துபோகும் இடமாகிவிடும் என்றும் கூறியவர், அடுத்த அதிகாரமாகிய இரவச்சத்தில், இரந்தே உயிர்வாழ வேண்டுமென ஒருவனுக்கு அமைந்திருக்குமாயின் உலகைப் படைத்தவனும் அவ்வாறே அலைந்து கெடுக என்று சினக்கின்றார். பசுவுக்குத் தண்ணீர் கேட்பினும் நாவுக்கு அதனினும் இழிவில்லை என்பதும் அங்கேயே உளது. மானங் கெடாத இரவு முன்னது, மானங் கெட வருவது பின்னது எனப் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவர். நாம் ஒன்று சேர்த்துச் சொல்லலாம்: இரண்டிடத்தும் அவர் சினம் இரப்பவன்மேற் பாயவில்லை. முன்னதில் ஒளிப்பவனையும் பின்னதில் படைத்தவனையும் சுடுகின்றது.

சிற்பிகளின் வழி வேறு. நம் கோயில்களில் மிகுதியும் வடிக்கப்பெற்ற இரவலர் வடிவம் பிட்சாடனர். திருவெண்காட்டில் கிடைத்த பதினோராம் நூற்றாண்டுச் செப்புப்படிமமும், தாராசுரத்துக் கருங்கற் சிற்பத்தொகுதியும் தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளன. காலிற் பாதுகை, இடையில் அரவம், அருகே துள்ளும் மான். தாருகாவனத்து மகளிர் தம்மை மறந்து நிற்கின்றனர். பிச்சைப் பாத்திரத்தையோ பூதமொன்று தலையிற் சுமந்து வருதல் மரபு. ஏவலாள் வைத்துக்கொண்டு பிச்சையெடுப்பவர் இறைவர் ஒருவரே போலும்! அழகிற்கு எல்லையாகிய அவ்வடிவத்திற் பசி இல்லை. ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்டு 1630 இல் தம் முகத்தையே ஒரு பிச்சைக்காரனுக்கு வைத்துச் செதுக்கோவியம் வரைந்தார். 1648 இல் வாயிற்படியில் நின்று காசு பெறும் ஏழைக் குடும்பத்தை வரைந்தார். அத்தகைய முகங்களுக்கு நம் கற்சுவர்களில் இடம் கிடைத்தது குறைவே.

அக்குறையைச் சாத்தனாரின் மணிமேகலை தீர்க்கின்றது. அதில் வரும் ஆபுத்திரன் கதையை நாம் பன்முறை படித்துள்ளோம். ஒவ்வொருமுறையும் அது வியப்பையே தருகின்றது. ஊரால் துரத்தப்பட்ட அவன் மதுரையில் வீடுதோறும் இரந்து, பெற்றதைக் கண்ணிலார்க்கும் செவியிலார்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றார்க்கும் நோயாளர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்குகின்றான். இரப்போனே புரப்போனும் ஆயினன். சிந்தாதேவி அவனுக்கு வற்றாத அமுதசுரபியை அளிக்கின்றாள். இந்திரன் வந்து வரம் கேள் என, ஈவதற்கு ஆளில்லாத உன் உலகம் எனக்கெதற்கு என்று அவன் நகைக்கின்றான். சினந்த இந்திரன் செய்தது என்ன? பன்னிரண்டு ஆண்டு வறண்டிருந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான்! வளம் பெருகிற்று, உண்ண வருவார் ஒருவரும் இலராயினர். ஆபுத்திரனை அழித்தது பஞ்சமன்று, செழிப்பு. பசித்தோரைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறியவன், இடையில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகியில் எறிந்து, உண்ணாது உயிர்விட்டான். ஈவோனுக்கு இரவலன் இன்றியமையாதவன் என்பதைப் பெருமையாகப் பாடிய மரபுக்கு, இரவலனே இல்லாத நாடு வேண்டுமா வேண்டாவா என்னும் கடுவினாவைச் சாத்தனார் இங்கே வைத்துவிட்டார்.

அப்பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை அத்துடன் அமையவில்லை. சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளுக்கு உணவளித்தாள். வரம் என்னவென்று மன்னன் வினவ, சிறையை அறக்கோட்டமாக மாற்றுக என்றாள். பத்தொன்பதாம் காதையில் அஃது அவ்வாறே ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டுச் சட்டமோ எதிர்வழியிற் சென்றது. சென்னை மாகாணம் 1945 இல் இரத்தல் தடுப்புச் சட்டம் இயற்றி, இரப்போரை வேலையில்லங்களுக்கு அனுப்ப வழிசெய்தது. 1959 ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம் இன்னும் விரிந்தது: பொதுவிடத்திற் பாடியோ ஆடியோ காசு பெறுதலும் பிச்சையே, பிழைக்க வழியின்றித் திரிவதாகத் தோன்றினாலும் அவ்வாறே. யாழோடு வழிநடந்த பாணனும் விறலியும் அச்சட்டத்தின் கண்ணிற் பட்டிருப்பின் நேரே காவலிற் சென்றிருப்பர், ஆற்றுப்படை பிறந்திராது. தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தில் இரத்தலைக் குற்றமாக்கும் பிரிவுகள் செல்லாவென 2018 இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்த்தது.

சட்டம் காணாத மற்றொரு பக்கத்தை ஜெயமோகனின் ஏழாம் உலகம் 2003 இல் காட்டிற்று. உறுப்புக் குறைந்தோரை வாங்கி விற்று, கோயில் வாயில்களில் அமர்த்திப் பிழைப்போர் கதை அது. அவ்வணிகர் வாயில் அம்மனிதர்க்குப் பெயர் 'உருப்படி'. இரவலன், பரிசிலன் என்ற சொற்களிலிருந்து அச்சொல்வரை வந்துள்ள தொலைவை அளப்பதற்கு, சிறுபாணாற்றுப்படையின் அடுக்களைப் பகுதியையும் அந்நாவலையும் ஒரே வாரத்திற் படித்துப் பார்க்குமாறு தமிழ் மாணவர்க்குச் சொல்வோம். பாணன் மனைவிக்கு அடைப்பதற்கு ஒரு கதவேனும் இருந்தது.