அறிக்கை போகட்டும், பேரேடு கடையில் இருக்கட்டும்

வியாபாரத் தகவலைப் பிறரோடு பகிர்ந்து கொள்வது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வாரந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. கடலை எண்ணெய் 15 கிலோ டின் என்ன விலை, துவரம் பருப்பு 100 கிலோ என்ன விலை, வத்தல் குவிண்டால் என்ன விலை என்று பார்த்துத்தான் பல கடைக்காரர்கள் கொள்முதல் செய்கிறார்கள். ஆனால் எந்த வியாபாரி யாரிடம் வாங்கினார், அவருக்கு யார் பாக்கி என்று அந்த நிலவரத்தில் ஒரு வரிகூட இராது. தகவல் ஊருக்குப் போகிறது, பேரேடு கடையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் நாமும் இந்த நெறியைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இன்று நம்மில் பலர் டேலியிலோ எக்செல்லிலோ கணக்கு வைத்திருக்கிறோம். படித்த பிள்ளைகள் அதையே பவர் பி.ஐ. என்ற மென்பொருளில் ஏற்றி, எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடுகிறது என்று படமாகவே காட்டிவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த அறிக்கையைப் பங்குதாரருக்கோ ஆடிட்டருக்கோ அனுப்பும்போது இரண்டு விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அறிக்கை வேறு, மூலக்கணக்கு வேறு. மூலக்கணக்கு நம் கடைக் கம்ப்யூட்டரின் டிரைவில் ஒரு ஃபைலாக இருக்கிறது. நாரணாபுரத்தில் கடை, சிவகாசியில் கிட்டங்கி என்று வைத்துக் கொள்வோம். கடையிலிருந்து அனுப்பிய பவர் பி.ஐ. ஃபைலைக் கிட்டங்கியில் திறந்தால் படம் தெரியும். ஆனால் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் மூல ஃபைலைக் காணோம் என்று சொல்லும். அந்த ஃபைல் கடையில் அல்லவா இருக்கிறது! ஆக, கிட்டங்கிக்காரர் பார்ப்பது கடைசியாகப் புதுப்பித்த நாளின் கணக்கு. சனிக்கிழமை 100 மூடை இருப்பு என்று காட்டியதை நம்பித் திங்கட்கிழமை 80 மூடைக்கு வாக்குக் கொடுப்பார். இடையில் கடையில் 40 மூடை விற்றிருந்தால் 20 மூடை குறையும். போவது வாக்கு.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. அறிக்கையோடு பேரேடும் சேர்ந்து போய்விடலாம். எக்செல்லில் பிவட் டேபிள் போட்டு மொத்தத் தொகையை மட்டும் காட்டி, விவரத் தாளை நீக்கிவிட்டு அனுப்புகிறோம். ஆனால் சாதாரணமாக விவரத்தின் நகல் ஒன்று அந்த ஃபைலுக்குள்ளேயே தங்கியிருக்கும். பெறுபவர் மொத்தத் தொகையின்மேல் இருமுறை சொடுக்கினால் வரி வரியாக விவரம் விரியும். பவர் பி.ஐ.யும் அப்படித்தான். ஃபைலில் இறக்கி வைத்த கணக்கு முழுவதும் அதனுள் இருக்கும். ஒரு பக்கத்தை மறைத்து வைத்தால் அது கண்ணுக்குத்தான் மறையும், ஃபைலை விட்டுப் போகாது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் பகுதியில் பலசரக்கு வியாபாரம் பட்டாசு ஆலைகளின் சம்பளத்தை நம்பி நடப்பது. தீபாவளி போனஸ் வந்தால் பாக்கி வரவாகும். தீபாவளி முடிந்து ஆலைகளில் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில் மறுபடி ஏறும். எந்தக் குடும்பம் எத்தனை மாதமாக எவ்வளவு தர வேண்டும் என்பது நம்மை நம்பி இருக்கிற மானம். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனால் திரும்ப வாங்க முடியாது. நம் அடக்க விலை போட்டியாளர் கைக்குப் போனாலும் அதே கதிதான். வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண் போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் கையாள்வோர் மீது 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது.

அப்படியானால் எப்படி அனுப்புவது?

1. பார்க்க மட்டும் வேண்டியவருக்கு பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அதில் தெரிவதுதான் போகும். அதனால் பெயரும் அடக்க விலையும் இல்லாத பக்கமாகப் பார்த்து அனுப்ப வேண்டும்.

2. ஆளைப் பார்த்துக் கொடுங்கள். கிட்டங்கிப் பையனுக்கு இருப்பு போதும். ஆடிட்டருக்குக் கொள்முதல், விற்பனை, வரி விவரம் வேண்டும். சங்கத்துக்கு விலையும் மொத்த அளவும் போதும். பாக்கிப் பட்டியல் முதலாளியையும் பங்குதாரரையும் தாண்ட வேண்டாம்.

3. எக்செல்லாகவே கேட்டால், தேவையான தொகைகளை மட்டும் புதிய ஃபைலில் மதிப்புகளாக ஒட்டிக் கொடுங்கள்.

4. அன்றாடம் புதுக்கணக்கு தெரிய வேண்டுமானால் மூல ஃபைலை ஒன்டிரைவ் போன்ற பொது இடத்தில் வைத்து, வேண்டியவருக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஃபைல் கடையிலேயே இருக்க வேண்டுமானால் பவர் பி.ஐ.க்கு கேட்வே என்ற இணைப்பு உண்டு. ஆனால் புதுப்பிக்கும் நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரும் இணையமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இப்படிப் பகிர்வதற்குப் பெரும்பாலும் அனுப்புபவர், பார்ப்பவர் இருவருக்கும் கட்டண உரிமம் தேவைப்படும்.

5. வலையில் வெளியிடு என்ற வசதி இலவசமாகத் தெரியலாம். அந்த இணைப்பு கிடைத்த எவரும் பாஸ்வேர்டு இல்லாமல் அறிக்கையைப் பார்க்கலாம். கடைக் கணக்குக்கு அது ஆகாது.

6. ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் தேதி, நேரம், எந்தக் கிட்டங்கி என்பதை எழுதுங்கள். மூடை என்றால் 50 கிலோவா, 100 கிலோவா என்பதையும் குறிக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த முறை அறிக்கை அனுப்புமுன் அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். மொத்தத் தொகைமேல் சொடுக்குங்கள், புதுப்பித்தும் பாருங்கள். பெறுபவர் எதைப் பார்ப்பார் என்பது அப்போது நமக்கே தெரிந்துவிடும். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்தபின் இதற்கெல்லாம் நேரம் இராது. கடை ஓய்வாக இருக்கும் ஒரு மத்தியானத்தில் இப்போதே செய்துவிடுவது நல்லது.