சரக்கு வண்டிக்குப் பின்பம்பர் பூட்டுதல்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவன்)

வண்டியின் பின்னால் கிடக்கும் பம்பரை நாம் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது நசுங்கிய பிறகே நினைவுக்கு வருகிறது. பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய பின்பம்பர் பூட்டும் முறையையும் அதிலடங்கிய இயற்பியலையும் இங்குக் காண்போம்.

முதலில் ஒரு கணக்கு. சரக்கோடு 2,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி, மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வந்து மேடையில் இடிக்கிறது என்று கொள்வோம். நாம் நடக்கும் வேகத்தைவிட இது குறைவு. அதன் இயக்க ஆற்றல் 1,250 ஜூல். பம்பர் 10 செ.மீ. மடங்கி வண்டியை நிறுத்தினால் சராசரி விசை 12,500 நியூட்டன். 1 செ.மீ.க்குள் நிறுத்தினாலோ 1,25,000 நியூட்டன்! மடங்காத பம்பர் இந்த விசையை அப்படியே சேசிஸின் வால்பகுதிக்குத் தள்ளிவிடும். பம்பரை மாற்றலாம், சேசிஸை மாற்றுவது எளிதா?

நம் பக்கத்தில் பம்பர் போனால் கனமான இரும்புச் சேனலை வாங்கிப் பற்றவைத்துவிடுவது வழக்கம். “கண்ணு, ஒருக்கா பத்த வெச்சுப்போட்டா ஆயுசுக்கும் கெடக்குமே” என்றார் அப்பா. எங்கள் வண்டி எட்டாண்டைக் கடந்தது. ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். வண்டி நின்றால் என் விடுதிக் கட்டணமும் நிற்கும். மேற்கண்ட கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாளுக்கு அங்கு இன்னும் மதிப்பு வரவில்லை. பட்டறை அண்ணன் சேசிஸைச் சுத்தியலால் தட்டிய சத்தத்தைக் கேட்டுத்தான் அப்பா இசைந்தார்.

நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். வலப்பக்க வாலில் ஓரிடம் அப்படித்தான் கேட்டது. துருவை வெட்டியெடுத்து அங்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே பம்பரைத் தொட்டோம். பற்றவைக்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டீசல் தொட்டியும் குழாய்களும் அருகிலிருந்தால் தீப்பொறி படாமல் மறைப்பு வேண்டும்.

துருப்பிடித்த பழைய போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவிடுக. முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். புதியனவற்றின் தலையில் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையைக் குறிக்கும், அதில் 0.8 பங்கு, அதாவது 640 நியூட்டன் வரை நிலையாக நீளாது. எண்ணில்லாத போல்ட் மலிவு. மலிவுக்கேற்ற வலிமையே அதில் இருக்கும்.

பம்பரை ஜாக்கியில் தாங்கி, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகவே மாட்டுக. ஒன்றை முழுதும் இறுக்கினால் எதிர்ப்பக்கத் துளை பொருந்தாது. இருபுறமும் தரையிலிருந்து உயரத்தை அளந்து சமமான பின், வாஷர் இட்டு மாறிமாறி இறுக்க வேண்டும். பின்கதவைத் திறந்து பம்பரில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்பலகை, அதன் விளக்கு, பிரதிபலிப்பான் எதுவும் மறையக்கூடாது.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. கனரகச் சரக்கு வண்டிகளின் பின்தடுப்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேலே போகக்கூடாது என்று 2005ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயம் வரம்பிட்டது. பின்னால் வரும் சிறு வாகனம் அடியில் புகுந்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். அவிநாசி சாலையில் இரவில் மொபெட்டில் வருபவரை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பிக்கப்புக்கு அந்த விதி இல்லாவிடினும், பம்பரை அழகுக்காக மேலே தூக்கிக் கட்டுவதும், முனையைக் கூராக நீட்டி வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. முனைகளை உள்நோக்கி வளைத்து அரத்தால் மழுக்கினோம்.

வெல்டு வைத்த இடத்துக்கு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. ஒரு வாரம் ஓட்டிய பின் போல்ட்டுகளைத் திரும்பவும் ஸ்பேனரால் சோதித்தோம்; இரண்டு மட்டும் கால் சுற்று இறங்கின.