தைராய்டு மாத்திரை: எப்படிப் போடுவது, எப்போது ரத்தம் கொடுப்பது

அடி அண்ணாமலையில் கடை வைத்திருப்பவர்கள் காலண்டரில் முதலில் தேடுவது பௌர்ணமியைத்தான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிற ஊர் இது. அன்று இரவு டீக்கடை அடுப்பு விடியும்வரை அணையாது. தூக்கம், சாப்பாடு எல்லாமே நேரம் தவறும். நேரம் தவறுவதைப் பொறுக்காத மாத்திரை ஒன்று உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் தினமும் போடும் லெவோதைராக்ஸின்தான் அது. எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று சொன்னால் பலருக்கும் புரியும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சுரப்புக் குறைவு இருந்தது. கடையில் நிற்பவர்களிலும் மலையைச் சுற்றுபவர்களிலும் இந்த மாத்திரை போடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதித் தருவது டாக்டரின் வேலை. அது உடம்பில் ஒழுங்காகச் சேர்கிறதா, சரியான நாளில் சோதிக்கப்படுகிறதா என்பது நம் பொறுப்பு. மாத்திரை “வேலை செய்யவில்லை” என்று வருந்துகிறவர்களில் பலருக்கு அளவில் தவறே இருக்காது. போடும் முறையிலோ சோதித்த நாளிலோதான் தவறு இருக்கும்.

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, “இன்னும் சுரந்து கொடு” என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ரத்தத்தில் குறையக் குறைய உத்தரவு கூடும். ஆகவே டி.எஸ்.எச். 12 என்று வந்தால் “தைராய்டு ஜாஸ்தி ஆயிடுச்சு” என்று பயந்து மாத்திரையை நிறுத்துவது நேர் எதிரான காரியம். சுரப்பு போதவில்லை என்பதே அதன் பொருள். பெரியவர்களுக்குப் பெரும்பாலான லேப்கள் ஏறக்குறைய 0.4 முதல் 4.5 வரை இயல்பு என்று அச்சிடும். வயது ஏறும்போது மேல் எல்லையும் கொஞ்சம் ஏறும்.

இதனால் முதல் மாத்திரைக்கு முன்பே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி.எஸ்.எச். 6, 7 என்று லேசாக உயர்ந்து, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் தனித்து உலவும் தைராக்ஸினின் அளவு) இயல்பாக இருந்தால், உடனே ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாக இறங்கியிருக்கும். காய்ச்சலிலோ பெரிய நோயிலோ படுத்திருந்தபோது எடுத்த ரத்தத்தை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. கருவுற்றவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மட்டும் இப்படிக் காத்திருக்காமல் டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

சுரப்பு முழுவதுமாகக் குறைந்தவர்களுக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100 வரும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100, எனக்கு ஏன் 25 என்று கேட்டு அவருடைய அளவைப் போடுவது இதயத்தோடு விளையாடுவது. புட்டியில் 100 என்றிருப்பது மைக்ரோகிராம். சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று எழுதியிருந்தாலும் அதே அளவுதான். 25, 50, 75, 88 என்று பல அளவுகளில் புட்டிகள் ஒரே மாதிரி இருப்பதால், மருந்துக் கடையில் பெயரோடு எண்ணையும் வாய்விட்டுப் படித்து வாங்குங்கள்.

இனி போடும் முறை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் வேண்டாம். நம் ஊரில் இந்த விதியை முறிப்பது இட்லியோ பொங்கலோ அல்ல, எழுந்தவுடன் குடிக்கிற காபிதான். காபி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. “வெறும் காபிதானே” என்று தினமும் மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால், எழுதித் தந்த அளவில் ஒரு பங்கு ரத்தத்துக்கே போகாது. அடுத்த தடைகள் இரும்புச் சத்து, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கான அன்டாசிட். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, இரவில் கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குக் கடை திறப்பவர், எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோலம், குளியல், கடை கூட்டுதல் எல்லாம் முடித்துக் காபி குடிக்கலாம். காலை நேரம் ஒத்துவராதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரண்டும் நல்ல வழிகள்தான். இன்று காலை, நாளை இரவு என்று மாறிமாறிப் போடுவதுதான் கூடாது. பௌர்ணமி இரவில் கண் விழிப்பவர்களுக்கும், நடக்கும்போது கிடைக்கும் இடமெல்லாம் அன்னதானமும் டீயும் வாங்குபவர்களுக்கும் ஒரு யோசனை: முந்தைய மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாத ஒரு நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அப்போது தண்ணீரோடு போட்டுவிடுங்கள். விரத நாளிலும் மாத்திரை உண்டு. ஒருநாள் அடியோடு மறந்துவிட்டால் பதற வேண்டாம். மறுநாள் வழக்கம்போல் ஒன்றைப் போடுங்கள். நீங்களாக இரண்டாகக் கூட்டாதீர்கள்.

ஒருநாள் தவறினால் ஆபத்தில்லாததற்கும், சோதனைக்கு இத்தனை வாரம் காத்திருப்பதற்கும் ஒரே காரணம்தான். இன்று போட்ட தைராக்ஸினில் பாதி, ஒரு வாரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். அளவை மாற்றினால் புதிய அளவு நிலைகொள்ள ஐந்து ஆறு வாரம் ஆகும். பிட்யூட்டரியும் அதன் பிறகே அடங்கும். ஆகவே அளவு மாறிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பத்தாம் நாளே பார்த்து “இன்னும் இறங்கவில்லை” என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டாம் மாதத்தில் படபடப்பில் வந்து நிற்கும்.

அடி அண்ணாமலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கை நினைவில் வைக்க எளிய வழி இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டி அளவு மாறினால், அதற்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசை 44ஆம் நாள் வாக்கில் வரும். ஆறு வாரம் தாண்டியிருக்கும். அந்த அமாவாசை முடிந்த வாரம் ரத்தம் கொடுங்கள். அளவு மாறிய தேதியையும் புதிய எண்ணையும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். அளவு நிலைத்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் அன்றைய மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்து முடித்ததும் போடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரம் ஃப்ரீ டி4 உயர்ந்து காட்டும். டி.எஸ்.எச். விடியற்காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் கொடுப்பது நல்லது. முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளாவது முன்பு நிறுத்த வேண்டும். அது சில சோதனைக் கருவிகளை ஏமாற்றிப் பொய்யான எண்ணைத் தரும். தைராய்டு குறைவில் முடி உதிர்வு சகஜம் என்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் அதிகம். லேபில் அதைச் சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு டி.எஸ்.எச். உயர்ந்தும் ஃப்ரீ டி4 இயல்பாகவும் வரும். பல வாரம் விட்டுவிட்டுப் போட்டவர், சோதனைக்கு முன் சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டாலும் இப்படி வரலாம். இதை டாக்டரிடம் மறைத்தால் அவர் அளவைக் கூட்டுவார். பிறகு நீங்கள் ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது அது மிகையாகிவிடும். டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்து பல மாதம் கிடந்தால், வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். உடம்பு லேசாக இருக்கிறதே, எடை குறைகிறதே என்று கூடுதலாகப் போடுவதற்கு இதுதான் விலை.

முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ ஜெனரிக் வாங்குவதில் தவறில்லை. ஆனால் மாதம் ஒரு தயாரிப்பாக மாற்றாதீர்கள். மாறினால் ஆறு வாரத்தில் சோதியுங்கள். மாத்திரை வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியிலோ டீ பாய்லர் பக்கத்து அலமாரியிலோ புட்டியை வைக்கக் கூடாது. உணவில் முட்டைக்கோஸை ஒதுக்கித் தவிக்க வேண்டாம், சமைத்துச் சாப்பிடலாம். வீட்டில் அயோடின் கலந்த உப்பு இருக்கட்டும். இந்துப்புக்கு முழுவதும் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாத்திரை போடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அடுத்த செக்கப்வரை காத்திருக்கக் கூடாது. கருவுற்றது உறுதியான அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தைக்கும் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம். வழக்கமாக அளவு கால் பங்குக்கு மேல் கூடும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை அதிகம் போடும்படி பல டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அப்படிச் சொல்லித்தரும்படி திருமணமான மகளுக்காகத் தாய்மாரே கேட்கலாம். கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், மதியத்துக்குத் தள்ளிவைத்தால் போதும். பிரசவம் ஆனதும் அளவு பழையபடி குறையும். ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் வயதானவர் பல மாதம் மாத்திரையை விட்டிருந்து, உடம்பு சில்லிட்டு, முகம் வீங்கி, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால், விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் புகட்டாதீர்கள். 108ஐ அழையுங்கள், மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.