மீன்தொட்டியும் விரல்நுனிக் காயமும்

மனிதர் பொறுமையோடு அமர்ந்து காத்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் மீன்தொட்டி ஒன்றைக் காண்கிறோம். மருத்துவமனையின் வரவேற்பறை, உணவகம், அலுவலகக் கூடம் என எங்கும் அது உண்டு. அங்கே கண்டு மனம் மகிழ்ந்தவர்கள் அதன் சிறு வடிவம் ஒன்றைத் தம் இல்லத்திற்கும் கொண்டு வருகிறார்கள். கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தை, மும்பையின் குர்லா, சென்னையின் கொளத்தூர் ஆகிய இடங்களில் விடுமுறை நாள்களில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால், வண்ணமீன் வளர்ப்பு நம் நாட்டு நகரங்களில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கும்.

இந்த நல்ல பொழுதுபோக்கைக் கைவிடுமாறு நாம் கூறப்போவதில்லை. மீன்தொட்டி நீரில் வாழும் சில பாக்டீரியாக்களால் மனிதருக்கு நோய் உண்டாகலாம் என்பதும், அது அரிதாகவே நேர்கிறது என்பதும், நேர்ந்தால் பல மாதங்கள் இனங்காணப்படாமலே போகக்கூடும் என்பதும் மீன் வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்கள்

தெளிந்த நீர் என்றால் தூய நீர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும் தொட்டி நீரிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில இன்றியமையாதவை. மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அதனினும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக் கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களே. அவை இல்லாத தொட்டியில் மீன்கள் நெடுநாள் வாழ்வதில்லை.

ஆனால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் வளர்வதற்கு ஏற்ற சூழல் தீமை செய்பவற்றுக்கும் ஏற்றதாகவே அமைகிறது. குழாய் நீரில் உள்ள குளோரின் மீனைக் கொன்றுவிடும் என்பதால், அதை நீக்கிய பின்னரே நீரைத் தொட்டியில் ஊற்றுகிறோம். கிருமிகளைக் கட்டுப்படுத்தும் காவலை நாமே விலக்கிவிட வேண்டிய நிலை இது. அத்துடன் வெதுவெதுப்பான நீர், மிஞ்சிய தீனி, மீன் கழிவு ஆகியவையும் சேர்கின்றன. தொட்டியின் சுவரைத் தடவினால் கையில் வழுவழுப்பாக ஒரு படலம் படுகிறதல்லவா? அதுவே பாக்டீரியாக்களின் குடியிருப்பு.

மைக்கோபாக்டீரியம் மரீனம்

மீன் வளர்ப்போர் முதன்மையாக அறிய வேண்டிய பாக்டீரியாவின் பெயர் மைக்கோபாக்டீரியம் மரீனம். காசநோய், தொழுநோய் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் காட்சியகத்தில் இறந்துபோன கடல்மீன்களிலிருந்து ஆரன்சன் என்னும் ஆய்வாளர் இதனைப் பிரித்தெடுத்தார். மீனுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட இது மனிதரையும் தாக்கும் என்பது, சுவீடன் நாட்டில் நீச்சல் குளம் ஒன்றைப் பயன்படுத்தியோருக்குத் தோலில் உண்டான புண்களை ஆராய்ந்தபோது 1951இல் வெளிப்பட்டது. வீட்டு மீன்தொட்டியில் கை சிராய்த்துக்கொண்டவருக்கும் இதே நோய் வந்தது 1962இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. நீச்சல் குளங்களில் குளோரின் கலப்பது ஒழுங்கான நடைமுறையாகிவிட்ட நாடுகளில் குளங்களால் வரும் நோய் அருகிவிட்டது. இன்று இந்நோய்க்குப் பெரிதும் காரணமாக இருப்பவை மீன்தொட்டிகளே.

இந்தப் பாக்டீரியா செழித்து வளர்வதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். நம் உடலின் உட்புற வெப்பமாகிய 37 டிகிரியில் இது நன்கு வளர்வதில்லை. ஆகவேதான் நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, உடலில் சற்றே குளிர்ந்திருக்கும் விரல், புறங்கை, முழங்கை ஆகிய பகுதிகளில் தங்குகிறது. காயமற்ற தோலை ஊடுருவும் ஆற்றல் இதற்கு இல்லை. சிராய்ப்பு, வெட்டு, நகக்கண் பிளவு, மீன்முள் குத்திய துளை இவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாகவே உள்ளே நுழைகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. ஆதலால் நோயுற்றவரைக் கண்டு வீட்டில் உள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு சிறு முடிச்சு

நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் தம் மீன்தொட்டியைத் தூய்மை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சரளைக் கற்களைக் கிளறும்போது சுட்டுவிரலில் சிறு சிராய்ப்பு ஏற்படுகிறது. இரண்டு நாளில் ஆறிவிடுகிறது. அவரும் மறந்துவிடுகிறார்.

மூன்று வாரங்கள் கழித்து அதே இடத்தில் சிவந்த முடிச்சு ஒன்று தோன்றுகிறது. பெரிய வலியில்லை, காய்ச்சலில்லை. கொசுக்கடி என்றோ மரு என்றோ எண்ணி விட்டுவிடுகிறார். முடிச்சு மெல்லப் பெருத்து, மேல்தோல் உரிந்து புண்ணாகிறது. மருந்துக் கடையில் தாமாகவே ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார். அடுத்த மாதம் புறங்கையிலும் முன்கையிலும் மேலும் இரு முடிச்சுகள், ஒரே கோட்டில் வைத்தாற்போல் எழுகின்றன. நிணநீர் நாளங்களின் வழியே கிருமி மேலேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

காயம் பட்டதற்கும் முடிச்சு தோன்றியதற்கும் இடையே வழக்கமாக 2 முதல் 4 வாரங்கள் கழிகின்றன. சிலருக்குப் பல மாதங்களும் ஆகலாம். நோய் பிடிபடாமல் போவதற்கு முதற்காரணம் இந்த இடைவெளிதான். நாள்பட விட்டால் கிருமி தசைநாண்களின் உறைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் எலும்புக்குள்ளும் இறங்கி, விரலை மடக்கவும் நீட்டவும் இயலாத நிலைக்குக் கொண்டுசெல்லும். தொடக்கத்தில் மாத்திரைகளால் குணமாகக்கூடிய நோய்க்குப் பிற்காலத்தில் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

நம் நாட்டில் கூடுதல் கவனம் ஏன்?

காசநோய் மிகுந்துள்ள நாடு நமது. இந்தப் பாக்டீரியாவோ காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவினம். புண்ணிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எனவே தோலில் வந்த காசநோய் என்று கருதி வழக்கமான மருந்துகள் தொடங்கப்பட இடமுண்டு. ஆனால் காசநோய்க்குத் தொடக்கத்தில் தரப்படும் நான்கு மருந்துகளுள் பைரசினமைடு இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. ஐசோனியசிடும் பெரும்பாலும் பயன்தருவதில்லை. ஆய்வகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான 37 டிகிரி வெப்பத்தில் மட்டும் வளர்த்துப் பார்த்தால் இக்கிருமி வளராமல் போகலாம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில வாரங்கள் வைத்திருந்து பார்க்க வேண்டும். நோயாளியின் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அவரால் ஆய்வகத்திற்கு அவ்வாறு எழுத இயலும்.

நீரிழிவும் இங்கே கருதத்தக்கது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் மெதுவாக ஆறும், தொற்று எளிதில் பற்றும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், மூட்டுவாதத்திற்காக நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்நோய் பரவலாகவும் கடுமையாகவும் வரக்கூடும். அவர்கள் தொட்டியைத் தூய்மை செய்யும் பணியை வீட்டில் உள்ள மற்றொருவரிடம் ஒப்படைப்பதே நன்று.

பிற பாக்டீரியாக்கள்

தொட்டி நீரில் சால்மோனெல்லா இருக்கலாம். நீர் வாய்க்குள் சென்றால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதனால் பாதிப்பு மிகுதி. தொட்டியில் சிறு ஆமைகளையும் வளர்ப்பவர்கள் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா இருப்பதுண்டு. சிறு ஆமைகளால் குழந்தைகள் நோயுற்றமையால், ஓடு 4 அங்குலத்திற்குக் குறைவாக உள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது.

ஏரோமோனாஸ் என்னும் நன்னீர்ப் பாக்டீரியா காயத்தில் புகுந்தால் ஓரிரு நாளிலேயே வீக்கமும் சிவப்பும் கடும் வலியும் உண்டாகும். மரீனம் பதுங்கிப் பல வாரம் கழித்து வெளிப்படும். இதுவோ உடனே பரவும். கை வீங்கி, சிவப்பு மேலேறி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காத்துக்கொள்ளும் வழிகள்

1. கையில் காயமோ வெடிப்போ இருக்கும் நாளில் தொட்டிக்குள் கைவிடலாகாது. காயத்தின் மேல் ஒட்டும் பட்டை முழுப் பாதுகாப்பு ஆகாது. பணியை ஒரு வாரம் தள்ளிவைப்பதால் கேடில்லை.

2. தூய்மை செய்யும்போது முழங்கை வரை மூடும், கிழிசலற்ற நீர்புகாக் கையுறை அணிய வேண்டும்.

3. குழாயை வாயால் உறிஞ்சி நீரை இறக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். கையால் அழுத்தி உறிஞ்சும் குமிழ் வைத்த குழாய்கள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன.

4. தொட்டியின் கற்களையும் வடிகட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கெனத் தனி வாளி வைத்துக்கொள்க. பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுக.

5. கழித்த நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். ஆனால் பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா போன்றவற்றுக்கு ஊற்றுவதைத் தவிர்க்க.

6. புதிய மீனை வாங்கி வந்தவுடன் பழைய மீன்களோடு சேர்க்காமல், சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க. உடல் மெலிதல், முதுகெலும்பு வளைதல், ஆறாத புண் ஆகியவை மீனுக்கு நோய் இருப்பதைக் காட்டும் குறிகள்.

7. இறந்த மீனை வெறுங்கையால் எடுக்கலாகாது. வலையால் எடுத்து, உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. உயிருள்ள மீனையும் தொட்டி நீரையும் ஏரி, குளங்களில் விடுவது அங்குள்ள உயிர்களுக்குக் கேடு.

8. மருத்துவ அறிவுரையின்றித் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கொட்டுவது நன்மை தரும் பாக்டீரியாக்களை அழிக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழிசெய்யும்.

தொட்டியில் வேலை செய்கையில் காயம் பட்டுவிட்டால், உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, கிருமிநாசினி இடுக. பின்னர் அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்க. இரண்டு மாதம் கழித்து மருத்துவர் "எப்போது காயம் பட்டது?" என்று கேட்கும்போது அக்குறிப்புப் பேருதவி புரியும்.

மருத்துவரிடம் கூற வேண்டியது

கையில் முடிச்சோ புண்ணோ மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாதிருப்பின், களிம்புகளால் காலங்கடத்தாமல் தோல்நோய் மருத்துவரைக் காண வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் வீக்கத்தைத் தற்காலிகமாகத் தணித்துக் கிருமியைப் பரவவிடும் என்பதால் அவற்றைத் தாமாக வாங்கித் தடவுவது தீங்கு. மருத்துவரிடம் சென்றவுடன், அவர் கேட்பதற்கு முன்பே, "நான் வீட்டில் மீன் வளர்க்கிறேன், தொட்டியை நானே தூய்மை செய்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். திசு ஆய்வையும் உரிய வெப்பத்தில் நடத்தும் வளர்ப்புச் சோதனையையும் பற்றி மருத்துவரைச் சிந்திக்கத் தூண்டுவது அந்த ஒரு செய்தியே.

நோய் உறுதியானபின் கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின், எதாம்புட்டால் முதலிய மருந்துகளுள் ஏற்றவற்றை மருத்துவர் தெரிந்தெடுப்பார். சிகிச்சை சில மாதங்கள் நீளும். புண் ஆறிய பின்னும் ஒன்றிரண்டு மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். புண் மறைந்ததென்று இடையில் நிறுத்துவது கூடாது.

குடும்ப வரவு செலவை முன்னிட்டும் ஒரு சொல். இந்நோயின் சிகிச்சை பெரும்பாலும் மருத்துவமனையில் தங்காமலே நடைபெறுகிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் புறநோயாளிச் செலவுகள் அடங்குவதில்லை. தம் காப்பீட்டில் இச்செலவுக்கு இடமுண்டா என்பதை முன்கூட்டியே படித்தறிந்து கொள்வதும், சோதனை அறிக்கைகளையும் இரசீதுகளையும் ஒழுங்காகச் சேர்த்து வைப்பதும் நலம்.

வண்ணமீன்களின் அசைவைக் கண்டு அமர்ந்திருப்பது மனத்திற்கு அமைதி தருவது. பேரக்குழந்தைக்கு உயிர்களிடத்து அன்பைக் கற்பிக்கவும் மீன்தொட்டி துணைசெய்யும். அந்த இன்பத்தை இழக்காமல் நலம் காக்க வேண்டுமெனில் நாம் செய்ய வேண்டியவை மிகச் சில: காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதிருத்தல், பணி முடிந்ததும் கை கழுவுதல், ஆறாத புண்ணோடு மருத்துவரை அணுகும்போது மீன்தொட்டியைப் பற்றி மறவாமல் சொல்லுதல்.