கேட்கும் பாடம் தெளிவாக ஒலிக்க...

கதை, செய்யுள், பாடச் சுருக்கம் எனப் பலவற்றையும் கைப்பேசியில் குரலாகப் பதிந்து மாணவர்களுக்குத் தருவது இன்று நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. புத்தகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்கும் பிள்ளைக்கு, ஒலி சற்று மங்கினாலும் எழுத்து கைகொடுக்கும். ஆனால் ஒலியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு?

நான் அறிவியல் கற்பிக்கும் ஒன்பதாம் வகுப்பில் பார்வைத்திறன் குறைபாடுடைய மாணவி ஒருவர் படிக்கிறார். பாடத்தைக் கேட்டுப் பிரெய்லில் குறிப்பெடுப்பார். 'அலை'யா 'அழை'யா, 'பல்லி'யா 'பள்ளி'யா என்பதை அவர் நம் குரலிலிருந்தே பிரித்தறிய வேண்டும். பதிவு தெளிவில்லை என்றால் அவருடைய குறிப்பேட்டில் பிழை ஏறிவிடும். எனவே ஒலிப்பதிவின் அடிப்படைகளை எல்லாப் பாட ஆசிரியர்களும் அறிந்திருப்பது நல்லது.

ஒலி எண்ணாக மாறுவது எப்படி?

நாம் பேசும்போது காற்றின் அழுத்தம் கூடிக் குறைகிறது. மைக்கிலுள்ள மெல்லிய சவ்வு அதற்கேற்ப அதிர, அந்த அதிர்வு மின் அலையாகிறது. கைப்பேசி இந்த மின் அலையைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாகச் சேமிக்கிறது. இதுவே மாதிரியெடுத்தல். குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 முறையும், காணொளிகளில் பெரும்பாலும் 48,000 முறையும் அளக்கப்படுகிறது.

இவ்வளவு எதற்கு? பதிய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பழைய தொலைபேசி முறையில் நொடிக்கு 8,000 முறைதான் அளப்பார்கள். அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை வராது. 'ஸ', 'ஃப' ஒலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. தொலைபேசியில் பெயர் சொல்லும்போது இவை குழம்புவது இதனால்தான்.

ஒவ்வோர் அளவும் எத்தனை நுட்பமானது என்பதைப் 'பிட்' எண்ணிக்கை காட்டும். 16 பிட் என்றால் 65,536 படிகள்.

இதை வரைபடத்தாளில் எளிதாக விளக்கலாம். ஓர் அலையை வரையச் சொல்லுங்கள். 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து இணைத்தால் அலை உருக்குலையும். அரை செ.மீ.க்கு ஒன்று வைத்தால் ஏறக்குறைய பழைய உருவமே வரும்.

மைக்கின் விலையைவிடத் தூரம் முக்கியம்

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி மட்டம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் நம் குரல் சுமார் 12 டெசிபல் உயரும். மின்விசிறியின் இரைச்சலும் சுவரின் எதிரொலிப்பும் அப்படி உயர்வதில்லை. அதாவது, செலவின்றியே தெளிவு கூடுகிறது. கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' ஒலிக்கும்போது வரும் காற்று சவ்வில் மோதிப் 'பொத்' என்று கேட்கும்.

காலர் மைக் வாங்குவோர் அதன் முனையைப் பாருங்கள். கைப்பேசிக்கு உரிய முனையில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும். இரண்டே கோடுகள் உள்ளது கேமராவுக்கானது. அது கைப்பேசியில் நேரடியாக வேலை செய்யாமல் போகலாம்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒலி நீண்டு முழங்கினால் வேறு இடம் தேடுங்கள். புத்தக அலமாரிகள் நிறைந்த நூலக அறை பெரும்பாலும் நன்றாக அமையும். பதியும்போது ஒலி மட்டக் காட்டி உச்சத்தைத் தொடக்கூடாது. அப்படித் தொட்டு வெட்டுப்பட்ட அலையை முழுமையாக மீட்க முடியாது.

கோப்பின் அளவு

இது நல்ல கணக்குப் பயிற்சி. நொடிக்கு 44,100 அளவுகள் × 16 பிட் = 7,05,600 பிட். எட்டால் வகுத்தால் 88,200 பைட். ஒரு நிமிடத்துக்கு 52,92,000 பைட், அதாவது சுமார் 5.3 எம்பி. ஸ்டீரியோ என்றால் இரு மடங்கு. ஒருவர் குரலுக்கு மோனோவே போதும். இதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. பெற்றோரின் டேட்டா மிச்சமாகும். ஆனால் எம்பி3 சில ஒலிக்கூறுகளை நீக்கியே சுருக்குகிறது. மீண்டும் மீண்டும் மாற்றினால் இழப்பு பெருகும். எனவே மூலப் பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, நகலை மட்டும் அனுப்புங்கள். கணினியில் வெட்டவும் மாற்றவும் ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் உதவும்.

பதிவைச் சோதிக்க

வால், வாள், வாழ், அலை, அழை, விளி, விழி ஆகிய சொற்களை வரிசை மாற்றி முதலில் நேரில் சொல்லி மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். பிறகு வரிசையை மாற்றிப் பதிந்த ஒலியைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். நேரில் சரியாக எழுதியவர்கள் பதிவில் தவறினால், மைக்கின் தூரத்தையும் அறையையும் மாற்றிப் பாருங்கள். நேரிலும் பலர் தவறினால் நம் உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இது லகர, ளகர, ழகரப் பயிற்சியாகவும் அமையும்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த பாடத்தைப் பதிவதற்கு முன் ஒருமுறை செய்து பாருங்கள்.