நாணயத்தில் பிழையும் நாணயப் பிழையும்

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. நம் முன்னோர் ஒருவனை "நாணயமானவன்" என்று பாராட்டும்பொழுது, மாற்றுக் குறையாத காசொன்றை மனத்திற் கொண்டிருந்தனர் போலும். பழங்காசு சேர்ப்போர்க்கும் விற்போர்க்கும் இவ்விரு பொருளும் வேண்டப்படுவன. ஆதலின், அக்கசாலையில் நேரும் பிழைகளையும், அவற்றை வைத்து நடைபெறும் வாணிகத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சித்தாண்டி முதலாக மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் ஒல்லாந்தரின் செப்புக்காசு அறியாத பொருளன்று. 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர் அவர். இலங்கையில் அவர்தம் ஆட்சி 1796இல் முடிந்தது. அவர்தம் வணிகக் கும்பினியின் வி, ஓ, சி என்னும் மூன்றெழுத்தும் பின்னிய முத்திரையே அக்காசுகளின் அடையாளம். (அந்நியக் கப்பற் கும்பினிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பற் கும்பினி கண்ட வ. உ. சிதம்பரனாரின் பெயரும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்தாய் அமைந்தது ஒரு வேடிக்கை.) 'டொயிற்' என்னும் சிறுகாசு ஒல்லாந்து தேசத்து மாகாண அக்கசாலைகளில் அச்சிடப்பட்டுக் கப்பலேறி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலேயே அடிக்கப்பட்ட தடித்த காசுகளோ முரடானவை; கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்கும் ஓரெழுத்து அவற்றிற் காணப்படும். ஒரே கும்பினியின் காசாயினும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் தகாது.

ஏன் தகாது? கையால் அடிக்கப்பட்ட காசில் சாய்வும் சரிவும் இயல்பு. கீழச்சின்மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். வில்லை சிறிது நகரினும் எழுத்து வெளியே போகும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையனவாக அறிஞர் கொள்ளும் நந்தி பொறித்த காசுகளிற் 'சேது' என்னும் சொல் குறைப்பட்டு நிற்பது இதனாலேயே. அதனை "அபூர்வப் பிழை" என்று கூறி விலை ஏற்றுபவன் ஒன்றில் அறியாதவன், அன்றேல் ஏமாற்றுபவன். 1872இல் ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை வேறு. இலங்கைக்காகப் பிறநாட்டு அக்கசாலைகளில் இயந்திரத்தால் அச்சிடப்பட்ட சதக்காசு நடுவிலகி இருப்பின், அது மெய்யான பிழை. காவலர் கண்ணுக்குத் தப்பி வந்தது.

மெய்ப்பிழை இருக்குமிடத்திற் பொய்ப்பிழையும் தோன்றும். சிலவேளை அச்சடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அக்காசின் முகமே குழிந்து, இடவலம் மாறிப் பதியும். இவ்வகைக் காசை விரும்புவோர் பலர். எனவே சிலர் இரு காசுகளைச் சேர்த்துப் பட்டறையில் நெரித்து அதுபோலச் செய்கின்றனர். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாற் போதும்: மெய்க்காசில் அது கூர்மையாக இருக்கும்; நெரித்த காசில் நசுங்கிக் கிடக்கும். விளிம்பு வெட்டுண்ட காசும் அப்படியே. தகடு முன்னரே வெட்டுண்டிருந்தால், வெட்டுக்கு நேரெதிரான விளிம்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். அரத்தால் அராவியவனுக்கு எதிர்விளிம்பின் நினைவு வருவதில்லை!

பிழையே இல்லாத காசிலும் பொய் ஏறுவதுண்டு. எலிசபெத் அரசியின் உருவம் தாங்கிய இலங்கைக் காசு 1955, 1957 ஆகிய ஆண்டுகளின் இரண்டு சதம் மட்டுமே என்பது உண்மை. அதனால் அது கிடைத்தற்கரியது என்பது பொய். அலைவிளிம்புடைய அவ்விரண்டு சதம் பெருந்தொகையாக அச்சிடப்பட்டது.

அறியாதவனிடம் வாங்குதல் இதனினும் கடினமான வினா. சமமான அறிவுடைய இருவர் பேரம் பேசுங்கால், ஒருவன் தன் கூர்மையால் இலாபம் பெறுதலை நாம் குறைகூறோம். ஆனால் பாட்டனாரின் பெட்டியிலிருந்த வெள்ளிக்காசைக் கொணர்ந்து, "ஐயா, இது என்ன பெறும்?" என்று கேட்கும் முதியவளுக்கு உலோக நிறையின் விலையை மட்டும் சொல்பவன் வணிகனல்லன்.

உழவன் மண்ணிற் கண்டெடுத்த காசிலோ, சட்டமே வழிகாட்டுகின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. சேதுக்காசும் ஒல்லாந்தர் காசும் அதனுள் அடங்கும். அச்சட்டம் வந்தபோது கண்டெடுக்கப்படாதிருந்தவை அரசின் உடைமை. புதிதாகக் கண்டவற்றை அதிகாரிகட்கு அறிவித்தல் கடன். உத்தரவுப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம். வயலிற் கிடைத்த பானைக்காசை இரவோடிரவாக விலைபேசுபவன், காசை மட்டுமன்றி அது கிடந்த இடம், ஆழம், உடனிருந்த பொருள் ஆகிய சான்றுகளையும் அழிக்கின்றான்.

மாணவர்க்கு ஒன்று. பழஞ்செம்பைப் புளியும் சாம்பலுமிட்டுத் துலக்கற்க. குத்துவிளக்கிற்கு அது நன்று; காசிலோ, பச்சைக் களிம்போடு எழுத்தின் விளிம்பும் தேய்ந்துபோம். நிறையையும் விட்டத்தையும் குறித்து, எவரிடமிருந்து எந்நாளில் வந்ததென ஒரு சிறு தாளில் எழுதி, காசோடு உறையிலிட்டு வைக்க. விற்க நேரின் அத்தாளையும் உடன் கொடுக்க. ஒட்டவைத்த ஓட்டையோ, அராவிய விளிம்போ இருப்பின் அதனையும் அத்தாளிலேயே எழுதுக.