என் விருப்பப்படி வாழ்வது சுயநலமா?

கேள்வி: மேலே படிக்க ஆசை. வீட்டிலோ கல்யாணப் பேச்சு. என் விருப்பத்தைச் சொன்னால் சுயநலம் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்லை. விருப்பத்தைச் சொல்லிவிட்டு அதன் சுமையை மற்றவர் தலையில் வைப்பதுதான் சுயநலம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்யாணத்தையும் அவர் வெறுத்து ஒதுக்கவில்லை; தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையைப் பேசி முடித்த பிறகே, 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். அடம் பிடிப்பதற்கும் நிபந்தனை பேசுவதற்கும் உள்ள தூரம் பெரிது. நிபந்தனை பேசுகிறவர் விளைவுக்கும் பொறுப்பேற்கிறார்.

‘அவருக்குப் படிக்கவைத்த அப்பா இருந்தார், புதுக்கோட்டை மன்னரின் ஆதரவும் இருந்தது’ என்பீர்கள். சரிதான், துணையில்லாதவரிடம் ‘எல்லாம் உன் கையில்’ என்பது கொடுமை. ஆனால் துணை கதவைத்தான் திறந்தது, படித்தவர் அவர். உங்கள் வீட்டிலும் அத்தையோ ஆசிரியரோ யாராவது இருப்பார்கள், தேடுங்கள். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, கட்டணத்துக்கு என்ன வழி என்று ஒரு தாளில் எழுதி அப்பாவின் முன் வையுங்கள். அழுகையை அவர் சமாதானப்படுத்திவிடலாம். கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.